உப்பு–சர்க்கரைக் கரைசல்

வாந்திபேதி கண்டவர் இழக்கும் நீரையும் உப்புகளையும் வாய்வழியே ஈடுகட்டும் கரைசல். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று கேட்டால் தருவார்கள். இதன் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மருத்துவர் இல்லாத இடத்திலும் இது உயிர் காக்கும் என்பது தெரியவந்தது ஓர் அகதி முகாமில்.

காலராவில் ஆளைக் கொல்வது நீர் வற்றுவதே. தீவிர நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். இரத்தக் குழாயில் உப்புநீர் (சலைன்) ஏற்றிக் காப்பாற்றலாம் என்று ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா 1832இலேயே காட்டினார். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய நீர், ஊசி, பழகிய கை எல்லாம் வேண்டும். வெறும் உப்புநீரைக் குடித்தாலோ காலரா கண்ட குடல் அதை ஏற்பதில்லை. குளுக்கோஸ் குடல் சுவருக்குள் போகும்போது சோடியத்தையும் கூடவே அழைத்துச் செல்கிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்து, சலைன் தேவையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தனர். அப்படியும், தேர்ந்த மருத்துவர்கள் அருகிலிருந்து அளந்து கொடுத்தால்தான் பலிக்கும் என்ற எண்ணம் போகவில்லை.

1971இல் வங்கதேசப் போரில் சுமார் 1 கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். ஜூன் மாதக் கடைசியில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் எல்லையோர ஊரான பொங்காவ்னுக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவமனையின் காலரா பகுதி இரண்டே அறைகள், 16 கட்டில்கள். மற்றவர்கள் தரையில் கிடந்தனர். சலைன் ஏற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டும். சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் பணியாற்றிய கல்கத்தா ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் இடமாயிற்று. லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். பாலிதீன் பையில் நிரப்பி, வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். லிட்டருக்கு அடக்கவிலை 11 பைசா. முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கலக்கி வைத்தார்கள். தாயோ அண்ணனோ குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். அறிவியலில் இது புதிதல்ல. அந்தக் குவளை உறவினர் கைக்கு மாறியதுதான் புதிது.

பணியாளர்களுக்கே முதலில் நம்பிக்கை இல்லை. "குளுக்கோஸ் ஏத்தலையா?" என்று கேட்டு, ஏற்றினால்தான் வைத்தியம் நடந்ததாக நம்புகிற நமக்கு இது புரியும். அதனால் கரைசலுக்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் சொன்னார்கள். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, மகாலனாபிஸ் குழுவின் பராமரிப்பில் 3.6 விழுக்காடாக இறங்கியது. முகாமுக்கு நேரில் வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா, பிறகு இம்முறைக்காக ஓயாமல் வாதாடினார். 1978இல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்ற கணக்கை வீடு வீடாகப் போய்க் கற்பித்தது. சொல்லிக்கொடுத்ததைத் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஊழியருக்கு ஊதியம். இவ்வளவு கறாரான பள்ளிக்கூடம் வேறு எங்கும் இருந்ததா, சந்தேகம்தான்.

பொட்டலம் மட்டும் போதாது என்பதை 1994 ஜூலை காட்டியது. ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி, கோமா நகரில் வந்து குவிந்த அகதிகளுக்குக் கிடைத்தது எரிமலைப் பாறை நிலம். கழிப்பறைக் குழியும் தோண்ட முடியவில்லை, சவக்குழியும் தோண்ட முடியவில்லை. முதல் மாதத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். பெரும்பாலும் காலராவும் சீதபேதியும். தூய நீர் போதவில்லை, புகட்டத் தெரிந்தவர்களும் போதவில்லை. இதற்குப் பின், 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் முகாம்களுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை.

2002இல் கலவை திருத்தப்பட்டது. இப்போது லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும்.