கேட்டுக்கு வெளியே கவரை வெச்சுட்டு வந்துடுறீங்களா? குப்பைத் தொட்டிக்கும் ரூல்ஸ் இருக்கு பாஸ்!

ராத்திரி பதினொரு மணி. கிச்சன்ல குப்பை நாறுது. எல்லாத்தையும் ஒரே கறுப்பு கவரில் திணிச்சு, முடிச்சு போட்டு, கேட்டுக்கு வெளியே வெச்சுட்டு வந்து படுத்துடுறோம். 'காலையில வண்டி வந்து எடுத்துக்கும்'னு ஒரு நம்பிக்கை. ஆனா, வண்டிக்கு முன்னாடி வர்றது தெருநாய். விடிஞ்சு பார்த்தால் தெரு முழுக்க நம்ம வீட்டுக் குப்பை!

நானும் அப்படி இருந்தவன்தான். ஒருநாள் நான் வெச்ச கவரைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் அக்காவின் விரலை, உள்ளே இருந்த உடைஞ்ச கண்ணாடி டம்ளர் கிழிச்சிடுச்சு. "சொல்லியிருந்தா பார்த்து எடுத்திருப்பேனே தம்பி" என்றார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

குப்பையைப் பிரிச்சுக் கொடுக்கிறது வீட்டில் இருப்பவரின் கடமைன்னு 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெளிவாகச் சொல்லிடுச்சு. சென்னைவாசிகள் தெரிஞ்சுக்க வேண்டியது இவ்வளவுதான்.

எதில் எதைப் போடணும்?

பச்சைத் தொட்டி: மக்கும் குப்பை. காய்கறித் தோல், மிச்ச சோறு, டீத்தூள், முட்டை ஓடு, மீன் கழிவு, வாடிய பூ. பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் அப்படியே போடுங்க.

நீலத் தொட்டி: உலர் குப்பை. பேப்பர், அட்டைப்பெட்டி, பாட்டில், பால் கவர், பிரியாணி வந்த டப்பா. டப்பாவை ஒருமுறை அலசிக் காயவெச்சுப் போட்டால் நாற்றமும் இல்லை, எறும்பும் இல்லை.

தனிப் பை: டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா, ஊசி. இதெல்லாம் வீட்டு அபாயக் கழிவு. மற்றதோடு கலக்கவே கூடாது.

நாப்கின், டயப்பரை பேப்பரில் நல்லா சுத்தித் தனியா கொடுங்க. அதைக் கையால் எடுப்பவரும் மனுஷங்கதானே!

எப்போ, எங்கே வைக்கணும்?

* ராத்திரியே ரோட்டில் வைக்காதீங்க. உங்க தெருவுக்கு வண்டி வர்ற நேரத்தைப் பணியாளரிடமே கேட்டு, அப்போ கையில் கொடுங்க.

* சீக்கிரமே வேலைக்குக் கிளம்புறவரா? மூடியுள்ள தொட்டியை கேட்டுக்கு உள்பக்கம், அவங்களுக்கு எட்டுற இடத்தில் வைங்க. அபார்ட்மென்ட் என்றால் பொதுத் தொட்டிகளும் பச்சை, நீலம்னு தனித்தனியாகவே இருக்கட்டும்.

* நடைபாதையிலும் மழைநீர் வடிகால் மூடி மேலேயும் வைக்கவே கூடாது. ஐப்பசி மழையில் தெருவில் தண்ணி நிற்க அந்த ஒரு கவரே போதும்.

* தெருவில் வீசுறது, எரிக்கிறது, புதைக்கிறது மூணுமே விதிமீறல். உள்ளாட்சி அமைப்பு அபராதம் போடலாம்.

* பழைய சோபா, மெத்தை, கட்டட இடிபாடு எல்லாம் தினசரிக் குப்பையில் சேராது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறம் வெளியே எடுங்க.

* 100 பேருக்கு மேல் கூடும் விசேஷமா? குறைந்தது 3 வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தகவல் சொல்லணும்னு 2016 விதிகள் சொல்லியிருந்தது.

கலந்தால் என்ன ஆகும்?

பிரிச்ச காய்கறிக் கழிவு உரமாகும். காய்ந்த பேப்பரும் பாட்டிலும் மறுசுழற்சிக்குப் போகும். ரெண்டும் கலந்துட்டா எதுக்கும் உதவாது. நேரா குப்பைமேடுதான். சென்னையின் குப்பை பல வருஷமா கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிஞ்சது அப்படித்தான். இதில் பெருங்குடி குப்பைமேடு இருப்பது, 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி. நாம கலந்து கொடுக்கும் கவர், பறவைகள் வந்து இறங்கும் இடம் வரை போகுது.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க. ரெண்டு தொட்டி, ஒரு பை போதும். கண்ணாடி உடைஞ்சால் பழைய நியூஸ்பேப்பரில் நாலு சுத்து சுத்தி, மேலே பெரிசா 'கண்ணாடி'ன்னு எழுதுங்க. கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிடுங்க. அரை நிமிஷ வேலைதான். ஒருத்தரோட விரல் தப்பிக்கும்.