எல்லையில் முறுகல், சந்தையில் கூட்டு: இந்தியா – சீனா உறவு

இந்தியாவும் சீனாவும் நண்பர்களா, எதிரிகளா என்ற கேள்வி எம்மவர் மத்தியில் அடிக்கடி எழுகின்றது. வரலாற்று ஒழுங்கில் நோக்கினால், அவை ஒரே வேளையில் இரண்டுமாகவே இருந்து வந்துள்ளன.

1950 ஏப்ரல் 1ஆம் திகதி இரு நாடுகளும் இராஜதந்திர உறவை ஏற்படுத்தின. 1954இல் திபெத் வர்த்தகம் தொடர்பாகச் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே பஞ்சசீலக் கொள்கை இடம்பெற்றது. ஆனால் 1962இல் எல்லைப் போர் மூண்டது. மீண்டும் தூதுவர்கள் நியமிக்கப்பட 1976 வரை செல்ல நேர்ந்தது.

1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி மேற்கொண்ட பீஜிங் பயணம் திருப்புமுனையானது. எல்லைப் பிரச்சினை தீரும்வரை ஏனைய உறவுகளை நிறுத்தி வைப்பதில்லை என்ற அணுகுமுறை அதன் பின்னரே வலுப்பெற்றது. 1993இல் எல்லையில் அமைதி பேணும் உடன்படிக்கை கைச்சாத்தானது. போருடன் மூடப்பட்ட நாதுலா கணவாய் 2006இல் வர்த்தகத்துக்குத் திறக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டில் இருதரப்பு வர்த்தகம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் மட்டுமே. 2024-25 நிதியாண்டில் இந்தியா சீனாவிலிருந்து சுமார் 113 பில்லியன் டொலர் பெறுமதியான பொருட்களை இறக்குமதி செய்தது. ஏற்றுமதி செய்தது சுமார் 14 பில்லியன் டொலருக்கே. இலத்திரனியல் உதிரிப்பாகங்கள், இயந்திரங்கள், மருந்து மூலப்பொருட்கள் என்பவற்றுக்கு இந்தியா சீனாவையே பெரிதும் நம்பியுள்ளது.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் 20 இந்தியப் படையினர் கொல்லப்பட்டனர். டிக்டொக் உள்ளிட்ட சீனச் செயலிகளை இந்தியா தடை செய்தது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே இருதரப்பு வர்த்தகம் முதற்தடவையாக 100 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2024 ஒக்டோபரில் எல்லை ரோந்து தொடர்பாக இணக்கம் ஏற்பட்டு, கசான் நகரில் மோடியும் சீ ஜின்பிங்கும் சந்தித்தனர். 2025 ஓகஸ்டில் மோடி சீனாவின் தியான்ஜினுக்குச் சென்றார்.

பலதரப்பு அரங்குகளிலும் இதே நிலைதான். ஷாங்காயைத் தலைமையகமாகக் கொண்ட பிரிக்ஸ் வங்கியின் முதல் தலைவர் இந்தியரான கே.வி. காமத். பீஜிங்கில் இயங்கும் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவுக்கு அடுத்த பெரிய பங்காளி இந்தியா.

எமது விடயத்திலும் இதனைக் கண்டோம். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து சில நாட்களில், 2009 மே 27இல், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. இந்தியா, சீனா இரண்டும் அதற்கு ஆதரவளித்தன. 2012இல் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரிக்க, சீனா எதிர்த்தது. 2021இல் சீனா மீண்டும் எதிர்க்க, இந்தியா வாக்களிப்பில் நடுநிலை வகித்தது.

கல்வானில் இரத்தம் சிந்திய பின்னரும் சந்தையை மூடாத அரசுகள் இவை. இவற்றின் பகைமை எமக்கு நீதி பெற்றுத்தரும் எனக் காத்திருப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. அவற்றின் நலன்கள் எங்கே மோதுகின்றன, எங்கே ஒன்றுபடுகின்றன என்பதை அறிந்து எமது கோரிக்கையை முன்வைப்பதே பயன்தரும்.