கிளட்ச் பெடல் தரையோடு போகிறதா? ஏர் எடுக்கும் முறை

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி சுற்றுப்பகுதியில் கீரை, காய்கறி, பூ பயிரிடும் பலர் விடியுமுன்பே சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு சந்தைக்குப் புறப்படுகிறார்கள். மதுரவாயல் நெரிசலில் பத்தடிக்கு ஒருமுறை கிளட்ச் மிதிக்க வேண்டும். அங்கே பெடல் தரையோடு போய் கியர் விழாமல் நின்றுவிட்டால், வண்டியோடு சேர்ந்து அன்றைய சரக்கும் வீணாகும். வாடிய கீரைக்கு விலை கிடையாது.

ஆயில் கிளட்ச் உள்ள கார், பிக்கப் வண்டிகளில் இந்தக் கோளாறுக்கு அடிக்கடி காரணமாவது குழாய்க்குள் புகுந்த காற்று. அதை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ என்கிறார்கள். இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால், காற்று எந்த வழியாகப் புகுந்தது என்று பார்க்காமல் ஏர் எடுத்தால் சில நாட்களில் அதே கோளாறு திரும்ப வரும்.

காற்று புகுந்தால் என்ன ஆகும்?

பெடலை மிதித்ததும் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் குழாய் வழியே கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரை அழுத்தி, கிளட்சை விடுவிக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று இருந்தால் நீங்கள் மிதிக்கும் விசை அதை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். கிணற்று மோட்டாரில் காற்று பிடித்தால் தண்ணீர் ஏறாமல் போகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான்.

முதலில் கவனிக்க வேண்டியவை

• உங்கள் வண்டி கேபிள் கிளட்ச் என்றால் இந்த வேலையே தேவையில்லை. கேபிளைச் சரிசெய்தால் போதும். பல டிராக்டர்களில் இரும்பு ராடு இணைப்புதான் இருக்கும்.

• பெடலை வேகமாக நாலைந்து முறை மிதித்த பிறகு கியர் விழுந்தால், காற்றோ கசிவோ இருக்கிறது என்று பொருள்.

• கியர் சரியாக விழுந்தும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்கவில்லை என்றால், கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம். ஏர் எடுப்பதால் அது சரியாகாது.

• ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். பெடலுக்கு மேலே உட்புறம், குழாய் இணைப்புகள், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை ஆகிய மூன்று இடங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றிய பிறகே ஏர் எடுக்க வேண்டும்.

எந்த ஆயில்?

டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று குறித்திருக்கும். அந்த பிரேக் ஆயிலை, சீல் உடைக்காத புதிய டின்னாக வாங்குங்கள். இன்ஜின் ஆயிலோ, டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். 2015, 2023 டிசம்பர் மழையில் நடந்ததுபோல வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், பழைய ஆயிலை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது.

செய்முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

2. டப்பாவைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள்.

3. ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள ஏர் நிப்பிளைச் சுத்தம் செய்து, அதில் கண்ணாடிபோல் தெரியும் டியூபை மாட்டுங்கள். டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். பூச்சிமருந்து பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

4. உதவிக்கு இருப்பவர் பெடலை மெதுவாக நாலைந்து முறை மிதித்து, கடைசியில் அழுத்திப் பிடிக்கட்டும்.

5. நிப்பிளை அரைச் சுற்று திறங்கள். ஆயிலும் குமிழிகளும் வரும்; பெடல் கீழே இறங்கும்.

6. நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். “பிடி”, “விடு” என்று குரல் கொடுத்துச் செய்யுங்கள்.

7. குமிழி நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூன்று, நான்கு முறைக்கு ஒருதரம் டப்பாவை நிரப்புங்கள். டப்பா காலியானால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முடிந்ததும் இன்ஜினை இயக்கி ரிவர்ஸ் கியர் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் வேலை சரி. மறுநாள் காலையில் சரக்கு ஏற்றுமுன் ஆயில் அளவை இன்னொரு முறை பாருங்கள்.

கட்டாயம் கவனியுங்கள்

சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதில் ஆயில் இறங்கினால் பிரேக்குக்கும் ஆபத்து. அப்படிப்பட்ட வண்டியைக் கசிவோடு சாலையில் எடுக்காதீர்கள்.

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால், ரப்பர் சீல் உள்ள சிலிண்டரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அது விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டவிடக் கூடாது. பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு முறை ஏர் எடுத்தும் பெடல் இறங்கினால், சிலிண்டருக்குள் சீல் போயிருக்கலாம். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும். அது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. சந்தைக்குப் போகாத நாளாகப் பார்த்து வண்டியை விடுங்கள்.