படிக வானொலி

படிக வானொலி என்பது பேட்டரியோ மின்இணைப்போ இல்லாமல், ஏரியலில் வந்து சேரும் வானலையின் ஆற்றலை மட்டுமே கொண்டு ஒலி தரும் வானொலிப் பெட்டி. பேச்சு வழக்கில் இதை ‘கிரிஸ்டல் செட்’ என்பார்கள். 1920களில் பல நாடுகளில் சாமானியர் வீட்டு வானொலி இதுதான். வெற்றிடக் குழல்கள் கொண்ட வால்வு வானொலி மலிவானதும் இது கடைகளிலிருந்து மறைந்தது. ஆனாலும் வீட்டிலேயே மின்னணுக் கருவி செய்து பார்ப்பவர்களின் முதல் முயற்சியாக இன்றும் இருக்கிறது. இதன் பாகங்களை வீட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டே ஈடுகட்ட முடிந்ததே இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

அமைப்பும் இயக்கமும்

ஏரியல், எர்த், கம்பிச்சுருள், டிடெக்டர், ஹெட்போன் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைப் பாகங்கள். ஏரியலாக உயரத்தில் 20, 30 மீட்டர் கம்பி கட்டப்படும். எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு இணைப்பார்கள். அட்டைக் குழலில் இனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றினால் சுருள் தயார். சுருளில் எத்தனை சுற்று மின்சுற்றில் சேர்கிறது என்பதை மாற்றியோ, மாறும் மின்தேக்கி ஒன்றைத் திருகியோ நிலையத்தைப் பிடிக்கலாம்.

வானலை நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டமாகவே சுருளுக்கு வருகிறது. அந்த வேகத்துக்கு ஹெட்போன் ஈடுகொடுக்காது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட்டு, மறுதிசையில் தடுப்பதே படிகத்தாலான டிடெக்டரின் வேலை. அதன்பின் எஞ்சும் ஏற்ற இறக்கமே நிலையத்தில் பேசியவரின் குரல். கிடைக்கும் ஆற்றல் மிகச் சிறிது என்பதால், இரண்டாயிரம் ஓம் அளவு மின்மறுப்புள்ள ஹெட்போன்தான் இதற்குப் பொருந்தும். தற்கால இசைக் கருவிகளின் ஹெட்போனை நேராக மாட்டினால் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது.

படிகத்தின் கண்டுபிடிப்பு

சில உலோக சல்பைடுகளின்மீது கம்பி முனை படும்போது மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் பாய்வதை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1874இல் கண்டறிந்தார். அப்போது வானொலியே பிறக்கவில்லை. அந்தப் பண்பு எதற்கும் பயன்படாமல் கிடந்தது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஈயத் தாதுவான கலீனாவை மின்காந்த அலையை உணரும் கருவியாக்கினார். காப்புரிமையில் நாட்டமில்லாத அவர், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904இல் உரிமை கிடைத்தது. 1906இல் அமெரிக்கரான ஹென்றி டன்வுடி கார்போரண்டத்துக்கும், கிரீன்லீஃப் பிக்கார்ட் சிலிக்கானுக்கும் காப்புரிமை பெற்றனர். இதற்காகப் பிக்கார்ட் ஆயிரக்கணக்கான கனிமச் சேர்க்கைகளைச் சோதித்தார்.

இவற்றுள் வீடுகளில் நிலைத்தது கலீனா. சூடு பட்டால் அதன் உணர்திறன் கெடும் என்பதால், சுமார் 70 பாகையிலேயே உருகும் உலோகக் கலவையில் பதித்துக் கிண்ணத்தில் வைத்தார்கள். அதன்மேல் மெல்லிய கம்பி ஒன்று தொட்டு நிற்கும். அதற்குப் ‘பூனை மீசை’ என்று பெயர். கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி ‘உயிருள்ள’ புள்ளியைத் தேட வேண்டும். பக்கத்தில் யாராவது மேசையை இடித்தால் மறுபடியும் தேடவேண்டியதுதான்.

வீட்டுத் தயாரிப்பின் காலம்

1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியபின் வானொலி ஆசை பரவியது. 1922இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம், வீட்டிலேயே படிக வானொலி செய்துகொள்ளும் முறையைச் சிறு வெளியீடாக அச்சிட்டது. ஓட்ஸ் கஞ்சி வரும் உருளை அட்டைப்பெட்டி, சுருள் சுற்ற ஏற்ற அளவில் இருந்ததால் சிறுவர்களிடையே புகழ்பெற்றது.

பிரிட்டனில் 1922 நவம்பரில் பிபிசி ஒலிபரப்பு தொடங்கியது. வானொலி கேட்க உரிமம் பெறக் கட்டணம் பத்து ஷில்லிங். அங்கீகரிக்கப்பட்ட பெட்டியையே வாங்க வேண்டும் என்பது விதி. சொந்தமாகச் செய்தவர்கள் பெருகி விதியைப் பொருட்படுத்தாமல் போகவே, 1923இல் அவர்களுக்கெனத் தனி உரிமம் கொண்டுவரப்பட்டது. ஒரே ஹெட்போனில் குடும்பமே கேட்க, அதைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டுவைப்பது அக்கால வழக்கம்.

சோவியத் ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கோரத் நகரில் ஒலெக் லோசெவ் 1922இல் ஜிங்கைட் படிகத்தைக் கொண்டு, வால்வின்றியே சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டினார். அரைக்கடத்தியின் பிற்கால ஆற்றலுக்கு அது முன்னறிகுறி. அன்று அதைத் தொடர்ந்தவர் சிலரே.

சென்னை, கொழும்பு

கொழும்பில் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். அவருடைய ஒலிபரப்பி, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களால் ஆனது. முறையான சேவை 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தார். ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்பியில் நிகழ்ச்சிகள் தொடங்கின. பணமின்றி 1927இல் கழகம் மூடப்பட்டு, ஒலிபரப்பி மாநகராட்சிக்குக் கொடுக்கப்பட்டது. 1930 ஏப்ரலில் மாநகராட்சி தன் சேவையைத் தொடங்கியது. ஒலிபரப்பும் கேட்பும் இரண்டுமே ஆர்வலர் கைவேலையாக இருந்த காலம் அது.

போர்க்களத்தில்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்ஸியோவில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. சிலவகை வால்வு வானொலிகள் தாமும் அலைகளை உமிழ்ந்து எதிரிக்கு இருப்பிடத்தைக் காட்டிவிடும் என்ற அச்சம் இருந்தது. படிக வானொலியில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பதுங்குகுழியில் கலீனாவுக்கு எங்கே போவது? வீரர்கள் நீலம் பூத்த சவர பிளேடையே படிகமாக்கி, ஊக்கில் செருகிய பென்சில் கரியைப் பூனை மீசையாக்கினார்கள். பிளேடின்மேல் படிந்திருந்த ஆக்சைடு மின்சாரத்தை ஒரு திசையில் கூடுதலாக விட்டது. இப்படிச் செய்த வானொலிக்குப் ‘பதுங்குகுழி வானொலி’ என்ற பெயர் நிலைத்தது.

டயோடும் டிரான்சிஸ்டரும்

போர்க்கால ராடார் ஆய்வு சிலிக்கான், ஜெர்மானியம் படிகங்களைத் தூய்மைப்படுத்தும் கலையை வளர்த்தது. 1946இல் 1என்34 என்ற ஜெர்மானியம் டயோடு விற்பனைக்கு வந்தது. படிகமும் மீசையும் கண்ணாடிக் குழலுக்குள் அடைபட்டன. புள்ளி தேடும் வேலை ஒழிந்தது. சிலிக்கான் டயோடு கடத்த 0.6 வோல்ட் அளவு வேண்டும். ஜெர்மானியத்துக்கு அதில் பாதியும் வேண்டாம் என்பதால், படிக வானொலி செய்பவர்கள் இன்றும் அதையே தேடி வாங்குகிறார்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் செய்த முதல் டிரான்சிஸ்டர், ஜெர்மானியத்தின்மேல் அருகருகே ஊன்றிய இரண்டு தங்கத் தொடுமுனைகளால் ஆனது. வடிவில் பூனை மீசையின் வாரிசு.

இன்றைய நிலை

படிக வானொலி அலைவீச்சுப் பண்பேற்ற (ஏஎம்) ஒலிபரப்புக்கே உரியது. எஃப்எம் நிலையங்களுக்கு இந்த எளிய அமைப்பு பொருந்தாது. ஐரோப்பாவில் ஏஎம் முறையில் ஒலிபரப்பிய மத்திய அலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் தன் மத்திய அலைச் சேவையை 2015 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. கல்லுக்குப் பதில் பிளேடு, குழலுக்குப் பதில் அட்டைப்பெட்டி என ஒவ்வொரு பாகத்துக்கும் மாற்று கண்ட இந்த வானொலியில், வீட்டில் செய்துகொள்ள முடியாமல் போனது எதிர்முனையில் இருக்கும் நிலையம் ஒன்றுதான்.