பச்சை நாக்கு உணர்த்திய உண்மை: ஜப்பானின் ஸ்மான் நோய் வரலாறு

1964ஆம் ஆண்டு. டோக்கியோ நகரம் ஒலிம்பிக் போட்டிகளுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. துடுப்புப் படகுப் போட்டிகள் நடைபெறவிருந்த டோடா நகரில் அக்காலத்தில் இனம் புரியாத நோயொன்று பலரையும் பற்றியது. முதலில் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. பின்னர்ப் பாதங்கள் மரத்துப்போயின. அம்மரப்பு மெல்ல மேலேறி இடுப்பை எட்டியது. கால்கள் வலுவிழந்து தள்ளாடின. சிலருக்குப் பார்வை மங்கியது. அவருள் சிலர் அதை முற்றாகவே இழந்தனர். 1950களின் நடுப்பகுதியிலிருந்தே ஜப்பானின் பல ஊர்களில் ஆங்காங்கே தென்பட்ட இந்நோய், 1960களில் பெருகி நாட்டையே அச்சுறுத்தியது.

பார்வை நரம்பும் தண்டுவடமும் ஒருசேரப் பாதிக்கப்படுவது மருத்துவ உலகுக்குப் புதிதன்று. பிரான்சின் லியோன் நகர மருத்துவர் யூஜின் டெவிக் 1894இலேயே அத்தகைய நோயொன்றை விவரித்திருந்தார். இன்றும் அவர் பெயரால் வழங்கும் அந்நோய் ஓர் அழற்சி நோய். ஆனால் ஜப்பானிய நோயாளிகளுள் இறந்தோரின் நரம்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். தண்டுவடத்தின் நீண்ட இழைகளும் பார்வை நரம்பின் இழைகளும் இருபுறமும் சமமாகச் சிதைந்திருந்தன. அழற்சிக்குரிய அடையாளங்களோ காணப்படவில்லை. ஆகவே தடாவோ சுபாகி உள்ளிட்ட நரம்பியல் அறிஞர்கள் ‘அழற்சி’ என்ற சொல்லைத் தவிர்த்து, தண்டுவடமும் பார்வை நரம்பும் பழுதுறும் நோய் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரின் சுருக்கமே ‘ஸ்மான்’.

பெயர் சரியாகவே அமைந்தது. காரணத்தைத் தேடிய வழிதான் தவறிப்போயிற்று. ஒரே வீட்டில் இருவர், ஒரே மருத்துவமனையில் பலர் என நோய் கொத்துக்கொத்தாகத் தோன்றியதால், அது தொற்றுநோயே என்ற எண்ணம் வலுத்தது. 1969இல் அரசு அமைத்த ஆய்வுக்குழுவுக்குத் தலைமையேற்ற ரெய்சாகு கோனோவும் ஒரு வைரஸ் ஆய்வாளரே. 1970இன் தொடக்கத்தில், நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டுவிட்டதாகக் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அறிவித்தார். நாளேடுகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. விளைவு கொடியது. நடக்க முடியாமலும் பார்வையின்றியும் தவித்தவர்களை அக்கம்பக்கத்தார் ஒதுக்கினர்; உறவினரும் அஞ்சி விலகினர். தற்கொலை செய்துகொண்ட நோயாளிகளும் உண்டு.

உண்மைக்கு வழிகாட்டியது நோயாளிகளின் நாக்கு. பலருடைய நாக்கில் பச்சை நிறப் படலம் படிந்திருந்தது. சிலருக்கு மலமும் பச்சை நிறமாகவே இருந்தது. 1970இல், சிறுநீரும் பச்சையாக வெளியேறிய நோயாளிகள் கவனத்துக்கு வந்தனர். அந்நிறமியை டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மருந்து வேதியியல் அறிஞர் டமுராவும் அவருடைய குழுவினரும் பகுத்தாய்ந்தனர். அது கிளியோகுயினால் என்ற மருந்து இரும்புடன் பிணைந்து உண்டான சேர்மம் எனத் தெரியவந்தது. கிளியோகுயினால் வயிற்றுப்போக்குக்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரை. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1930களில் ‘எண்டரோ வயோஃபார்ம்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த அம்மருந்து, ஜப்பானில் பல வணிகப் பெயர்களில் வழங்கிவந்தது.

நோய்க்குப் பெயரிட்டவருள் ஒருவரான சுபாகி, அப்போது நீகாட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். நோயாளிகள் உட்கொண்ட மருந்துகளின் பதிவுகளை அவர் திரட்டிப் பார்த்தார். ஏறக்குறைய அனைவரும் நரம்புக் குறிகள் தோன்றுமுன் கிளியோகுயினால் உட்கொண்டிருந்தனர். மருந்தின் அளவு கூடக்கூட நோயின் கடுமையும் கூடியிருந்தது. 1970 ஆகஸ்டில் அவர் இம்முடிவை வெளியிட்டார். செப்டம்பர் 8 அன்று அரசு அம்மருந்தின் விற்பனையை நிறுத்தியது. அதன்பின் புதிய நோயாளிகளின் வரத்து சட்டெனச் சரிந்து, சில ஆண்டுகளில் இல்லாமலே போயிற்று. பதினைந்து ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய நோய், ஒரு மாத்திரை நிறுத்தப்பட்டதும் அடங்கிவிட்டது.

தொற்றுக்குச் சான்றாகக் கருதப்பட்டவை யாவும் அப்போது வேறு பொருள் தந்தன. ஒரே மருத்துவமனையில் பலருக்கு நோய் வந்ததற்குக் காரணம், அங்கு எல்லாருக்கும் அதே மருந்து எழுதப்பட்டதே. மேலும், கிளியோகுயினாலின் நச்சு வயிற்று வலியையும் உண்டாக்கக்கூடியது. வலி மிகுந்தபோது மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். கூட்டியபோது நரம்புகள் மேலும் சிதைந்தன. நோய்க்கு முன்னோடி எனக் கருதப்பட்ட வயிற்றுக் கோளாறு, உண்மையில் அம்மருந்து உடலுக்குள் நுழைந்த வாயில்.

எச்சரிக்கைகள் முன்னரே வந்திருந்தன என்பதுதான் இவ்வரலாற்றின் வேதனை மிகுந்த பகுதி. இம்மருந்தை உட்கொண்டவர்களிடம் நரம்புக் கோளாறு தோன்றியதை அர்ஜென்டினா மருத்துவர்கள் 1935இலேயே பதிவு செய்திருந்தனர். அம்மாத்திரையைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்ததாகச் செய்திகள் எட்டியதும், விலங்குகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாமெனச் சிபா நிறுவனம் 1960களில் கால்நடை மருத்துவர்களை எச்சரித்தது. மனிதர்க்கான விற்பனையோ தொடர்ந்தது. 1966இல் சுவீடன் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஒல்லே ஹான்சன், இவ்வகை மருந்து கொடுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுடைய பார்வை நரம்பு நலிந்துபோனதைச் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார். ஜப்பானில் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் அம்மருந்து தடையின்றி எழுதப்பட்டுவந்தது.

பாதிக்கப்பட்டோர் நீதிமன்றங்களை நாடினர். 1978இல் டோக்கியோ உள்ளிட்ட பல நகரங்களில் அரசுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் எதிராகத் தீர்ப்புகள் வந்தன. 1979இல், மருந்துகளின் பக்க விளைவால் பாதிக்கப்படுவோருக்கு நிவாரணம் அளிக்கும் சட்டமொன்றை ஜப்பான் இயற்றியது. ஹான்சன் முதலியோரின் இடைவிடாத போராட்டத்துக்குப் பிறகு, உட்கொள்ளும் கிளியோகுயினால் மருந்துகளைக் கைவிடுவதாகச் சிபா-கெய்கி நிறுவனம் 1982இல் அறிவித்தது. தோலில் பூசும் களிம்புகளில் அது இன்றும் புழக்கத்தில் உள்ளது.

இந்தியாவுக்கும் இது அயலார் கதையன்று. எண்டரோ வயோஃபார்மும் மெக்ஸாஃபார்மும் இந்நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலம் சாதாரணமாகக் கிடைத்தவை. மும்பையின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, 1984இல் இந்நோய் குறித்த இந்திய அனுபவத்தைப் பதிவு செய்தார். ஜப்பானில் கண்ட பேரளவுப் பாதிப்பு இங்கே காணப்படவில்லை. ஆனால் மருந்தால் பார்வை நரம்பு பழுதுபடும் ஆபத்து இங்கும் நீங்கிவிடவில்லை. காசநோய்க்கு இன்றியமையாத எத்தாம்பியுட்டால், சிலருடைய பார்வை நரம்பைப் பாதிக்கிறது. சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரிவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. காலத்தே கண்டு மருத்துவர் மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீள்கிறது. பிந்தினால் மீளாமலும் போகலாம்.

ஸ்மான் நோயாளிகளின் பார்வை நரம்பைச் சிதைத்தது எந்தக் கிருமியும் அன்று. அவர்கள் நம்பிக்கையோடு விழுங்கிய மாத்திரையே. பதினைந்து ஆண்டுகள் புதிருக்கு விடை தேடியவர்கள் இரத்தத்திலும் மலத்திலும் கிருமியைத் தேடினர். விடையோ மருத்துவரே எழுதிய மருந்துச் சீட்டில் இருந்தது. பார்வை மங்குகிறது என்று வரும் ஒருவரிடம் “இதற்குமுன் என்னென்ன மருந்து உட்கொண்டீர்கள்?” என்று மருத்துவர் கேட்கும் எளிய கேள்விக்குப் பின்னால், 10,000க்கும் மேற்பட்டோர் கொடுத்த விலை இருக்கிறது.