போர்ப்புண் பேணிய பெண்கள் (தென்தமிழகம்)

போரில் காயமுற்றவர்களைப் பெண்கள் பேணிய வரலாற்றுக்குத் தென்தமிழகத்தில் மூன்று வகைச் சான்றுகள் உள்ளன: சங்கச் செய்யுள், ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் எழுத்து, இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய பெண்களின் நினைவுகள். இடையிலுள்ள காலங்களுக்குச் சான்று மிகக் குறைவு.

தொல்காப்பியம் காஞ்சித் திணையில் புண்பட்டவனுக்கென்றே துறைகளை வகுத்திருக்கிறது. காயத்தோடு கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காப்பது தொடாக் காஞ்சி. சுற்றத்தார் எவரும் இல்லாதவனைப் பேயே காத்து நிற்பது இன்னொரு துறை. பேண ஆளில்லாதவனுக்குப் பேயையாவது துணைவைத்த இலக்கணம் இது. புறநானூறு 281-ஆம் பாடலில் அரிசில் கிழார் இந்தக் காவலை ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லாகத் தருகிறார். மன்னனுக்கு நேர்ந்த இடரைத் தன்மேல் தாங்கிய வீரனின் புண்ணைக் காக்க அவள் தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள், யாழ் ஒலிக்கிறது, மையைப் பதமாகத் தடவுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை பரப்புகிறார்கள். வேம்பும் கடுகும் புகையும் நோய்த்தடுப்பு முறை என்பர் சிலர். பேயோட்டும் சடங்கே என்பர் வேறு சிலர். பாடலின் மக்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

பாசறையின் நிலை வேறு. நெடுநல்வாடையில் நள்ளிரவில் காயம்பட்டோரை அரசன் நேரில் சென்று பார்க்கிறான். அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். முல்லைப்பாட்டின் பாசறையில் இடையில் வாள் கட்டிய பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கவனிப்பது விளக்கை. பதிற்றுப்பத்தில் பரணர், புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசியை, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். ஊசி பிடித்த கை யாருடையது என்று பாடல் சொல்லவில்லை.

சோழர் காலத்துக்கு வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டைச் சுட்டுவது வழக்கம். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் பணியாளர்களுள் மருந்தடும் பெண்டுகள் இருவரையும் குறிக்கிறது. எனினும் அது கோயில் பணியாளருக்கும் மாணவருக்குமான மருத்துவமனை, படைக்கானது அன்று.

பாளையக்காரர் போர்களில் சேத்தூர், கொல்லங்கொண்டான் முதலிய பாளையங்களை உள்ளடக்கிய இன்றைய ராஜபாளையம் வட்டாரம், ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் புலித்தேவனின் போர்க்களங்களை ஒட்டியிருந்தது. புலித்தேவனின் படைவீரன் வெண்ணிக் காலாடியின் கதையில், அவன் சரிந்த குடலைத் தன் தலைப்பாகைத் துணியால் தானே கட்டிக்கொண்டு போரிடுகிறான். கட்டிவிட வேறு கை இல்லை.

இக்காலத்தின் பெயர்பெற்ற நிகழ்ச்சி 1801-ஐச் சேர்ந்தது. மே 24-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தபின் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை காயத்தோடு களத்துக்கு வெளியே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டாள். என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்று அவன் கேட்டுக்கொண்டதாகவும், அவளும் உடன்வந்த பெண்களும் ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிச் சென்றதாகவும் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதுகிறார். ஆங்கிலேயர் பக்கம் இருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மையில் போய்விட்டான் என்றார்கள். வந்தவர்கள் நிற்காமல் ஓடினார்கள். வெல்ஷின் நூல் 1830-இல் வெளிவந்தது. இச்செய்தி அவர் கேட்டறிந்ததே என்பதால் முழு வரலாறாகக் கொள்ளத் தயங்குவோர் உண்டு. ஊமைத்துரை பிழைத்து மருது சகோதரர்களுடன் சேர்ந்ததும், அதே ஆண்டு நவம்பர் 16-இல் தூக்கிலிடப்பட்டதும் ஐயத்துக்கு இடமற்றவை.

பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு 1888-இல் பத்து ஆங்கிலேயச் செவிலியர் பம்பாயில் வந்திறங்கினர். முதல் உலகப் போரின்போது இந்தியப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். 1926 அக்டோபர் 1 முதல் இந்திய ராணுவச் செவிலியர் பணி நிலையான அமைப்பாயிற்று.

சான்று மிகுந்திருப்பது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத்தான். அதன் தலைவி லட்சுமி சுவாமிநாதன் 1914-இல் சென்னையில் பிறந்து, 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்தார். 1943 ஜூலை 12-இல் சுபாஷ் சந்திர போசுக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய இருபது பெண்களைத் திரட்டினார், கையில் கனத்த .303 துப்பாக்கிகள். அக்டோபர் 22-இல் வாட்டர்லூ தெரு முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். மலேயாவில் பிறந்த இவர்கள், பார்த்திராத இந்தியாவுக்காக இந்துஸ்தானியில் கட்டளை கேட்டுப் பயிற்சி எடுத்தனர். கோலாலம்பூர்க் கூட்டத்தில் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவர் (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்), அக்காவுடன் சேர்ந்த பதினாறு வயது ராசம்மா (பின்னாளில் ராசம்மா பூபாலன்) ஆகியோரின் நினைவுகள் பதிவாகியுள்ளன.

படையில் போர்ப் பிரிவு, செவிலியர் பிரிவு என இரண்டு இருந்தன. பலருக்குத் துப்பாக்கிதான் விருப்பம், நடந்ததென்னவோ செவிலியம். 1944-இல் இம்பால் போர் தோல்வியில் முடிய, பர்மாவின் மேமியோ முகாமுக்கும் ரங்கூன் மருத்துவமனைகளுக்கும் வந்துசேர்ந்தவர்களில் குண்டடிபட்டவர்களைவிட மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பசியும் வீழ்த்தியவர்களே அதிகம். இவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, கஞ்சி ஊட்டுவது வீரக்கதைகளில் இடம்பெறுவதில்லை. நினைவுக் குறிப்புகளில்தான் கிடைக்கிறது. 1945 பிப்ரவரியில் ரங்கூனின் மியாங் மருத்துவமனையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. பின்வாங்கும் வழியில் ரயில்மீது நடந்த தாக்குதலில் படையைச் சேர்ந்த ஜோசபின், ஸ்டெல்லா இருவரும் இறந்தனர். படையின் எண்ணிக்கையைச் சில நூறு என்பாரும் ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உள்ளனர். போர்முனையில் நேரடியாகச் சண்டையிட்டார்களா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இல்லை என்பது ஆய்வாளர் வேரா ஹில்டபிராண்டின் 2016 நூலின் முடிவு. லட்சுமி 1971-இல் வங்கதேச அகதிகளுக்காகவும் பணியாற்றினார். 2012-இல் கான்பூரில் காலமானார்.

1926-இல் நிலையான அமைப்பான இந்திய ராணுவச் செவிலியர் பணியில், விடுதலைக்குப் பின்னும், திருமணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதி 1977 முதல் இருந்தது. அதன்படி 1988-இல் நீக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி 1995-இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது.