மெட்னரின் இசைத்தட்டும் மைசூர்ப் பணமும்

1991இல் லண்டனைச் சேர்ந்த ஹைப்பீரியன் இசைத்தட்டு நிறுவனம், மறக்கப்பட்ட ரொமாண்டிக் காலப் பியானோ கன்செர்ட்டோக்களை (ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பியானோப் படைப்புகளை) வரிசையாக வெளியிடத் தொடங்கியது. முதல் தட்டு போலந்து இசையமைப்பாளர்கள் இருவருக்கு: மோரிட்ஸ் மாஷ்கோவ்ஸ்கி, இக்னாட்சி பாதரேவ்ஸ்கி. பின்னவரைப் போலந்தின் முன்னாள் பிரதமர் என்றாவது உலகம் நினைவில் வைத்திருந்தது. மாஷ்கோவ்ஸ்கியோ 1925இல் பாரிஸில் வறுமையில் இறந்தவர். 1874இல் அவர் எழுதிய முதல் கன்செர்ட்டோ 2008இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. அந்த வரிசையின் இரண்டாவது தட்டு ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னருடையது. அதில் உள்ள மூன்றாம் கன்செர்ட்டோவை மெட்னர் சமர்ப்பித்திருப்பது மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாருக்கு.

மாஸ்கோவில் 1880இல் பிறந்த மெட்னர் பதினான்கு பியானோ சொனாட்டாக்களும் மூன்று கன்செர்ட்டோக்களும் எழுதியவர். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் தமது நான்காம் கன்செர்ட்டோவை இவருக்குச் சமர்ப்பிக்கும் அளவுக்கு இருவரும் நெருக்கம். 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறிய மெட்னர், 1930களின் நடுவில் லண்டனில் குடியேறினார். புதுமை தேடிய ஐரோப்பிய மேடைகளுக்கு அவர் பழைய காலத்து மனிதராகத் தெரிந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது, வருமானம் சுருங்கியது, 1942இல் மாரடைப்பும் வந்தது. மறு ஆண்டு முடித்த மூன்றாம் கன்செர்ட்டோவை 1944இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவரே வாசித்தார்.

அவரை மீட்ட கை மைசூரிலிருந்து நீண்டது. 1940இல் அரியணை ஏறிய ஜெயசாமராஜ உடையாரைக் கர்நாடக சங்கீத ரசிகர்கள் நன்றாகவே அறிவார்கள். ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு 94 கிருதிகள் செய்தவர். கம்பீரநாட்டையில் ‘ஸ்ரீ ஜாலந்தரம்’ இன்றும் சபாக்களில் ஒலிக்கிறது. மைசூர் வாசுதேவாச்சாரியாரின் வழிகாட்டுதலைப் பெற்ற அதே மனிதர், மேற்கத்திய இசையில் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டயமும் வாங்கியவர். அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் சுமார் 20,000 என்று சொல்வார்கள்.

மெட்னரின் படைப்புகளை அவரையே வாசிக்க வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது மகாராஜாவின் விருப்பம். அதற்காக மெட்னர் சங்கம் உருவானது, எச்.எம்.வி. நிறுவனம் தட்டுகளை வெளியிட்டது. மூன்று கன்செர்ட்டோக்களும் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு 1947இல் பதிவாயின. 78 ஆர்.பி.எம். காலம் அது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அரை மணியைத் தாண்டும் ஒரு கன்செர்ட்டோவைத் துண்டு துண்டாகத்தான் வாசிக்க முடியும். நாடா ஒட்டித் திருத்தும் வசதியும் கிடையாது. ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அறுபத்தேழு வயது இதய நோயாளி அதைச் செய்தார். 1950இல் பாடகி எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாட, தம் பாடல்களுக்கும் அவரே பியானோ வாசித்தார். மறு ஆண்டு நவம்பரில் காலமானார்.

மகாராஜாவின் ஆதரவு மெட்னரோடு நிற்கவில்லை. பில்ஹார்மோனியாவைத் தொடங்கிய வால்டர் லெக்கிடம், ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகள் தருவதாக ஒப்புக்கொண்டார். அன்றைய மாற்று விகிதத்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.33 லட்சம் ரூபாய். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின் மகாராஜாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட மன்னர் மானியம் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். அதோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு; பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் சில்லறை அல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ 1950 மே 22 அன்று லண்டனில் அரங்கேறியதும் மகாராஜாவின் பண உத்தரவாதத்தில்தான்.

    

தட்டுகள் வந்தவுடன் உலகம் மெட்னரைக் கொண்டாடிவிடவில்லை. 1959 முதல் 1963 வரை மாஸ்கோவில் அவருடைய படைப்புகள் 12 தொகுதிகளாக அச்சாயின. அதன்பிறகு ஹேமிஷ் மில்ன், ஜெஃப்ரி டோஸர், மார்க்-ஆந்த்ரே ஹாம்லின் போன்ற பியானோ கலைஞர்கள் அவரைக் கையிலெடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு, இசையமைப்பாளரே தம் படைப்பை எப்படி வாசித்தார் என்பதற்கு ஒலிச்சான்று தயாராக இருந்தது. மறதியிலிருந்து மீண்ட பலருக்குக் கிடைக்காத வசதி இது. இதற்கு மைசூரின் பணமே காரணம்.

ஜெயசாமராஜ உடையாரை ஆராய்வோர் கிருதிகளை ஒரு பக்கமும் லண்டன் இசைத்தட்டுகளை ‘ராஜாவின் ஆங்கில மோகம்’ என்று இன்னொரு பக்கமும் ஒதுக்கக் கூடாது. ஒரே பத்தாண்டில், ஒரே மனிதர் செய்த வேலைகள் இவை. சேர்த்தே படிக்க வேண்டும்.